தலையீத்து

ஜூன் 12

போன மாதக் கடைசியில் ஓய்வு பெற்றேன். முப்பத்து நான்கு வருடம் பணிமனையில் ஸ்டோர் கீப்பர். ஒரு நட்டு வெளியே போனாலும் என் நோட்டில் ஏறாமல் போனதில்லை. அந்தக் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதற்காகத்தான் இந்த டைரி. அடுப்படிச் சுவரில் ஆணி அடித்து, பென்சிலைக் கயிற்றில் கட்டி மாட்டிவிட்டேன். இனி இந்த வீட்டில் நடப்பதெல்லாம், நல்லதோ கெட்டதோ, உள்ளது உள்ளபடி இதில் ஏறும்.

திருச்சி கே.கே. நகரில் இரண்டு படுக்கையறை, ஒரு ஸ்டோர் ரூம், பின்னால் கொஞ்சம் மண், மேலே மொட்டை மாடி. இருப்பது நானும் மங்கையும். தற்சார்பு வாழ்க்கைக்கு இது தாராளம். விதி ஒன்றுதான்: கடைச் சாமான் வாசற்படி தாண்டக் கூடாது. ஒரே நாளில் ஆகாது. முதலில் காய்கறி, அப்புறம் முட்டை, அப்புறம் பால் என்று ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும். உப்புக்கு விலக்கு. காபித்தூளுக்கும் விலக்கு, அது என் பழக்கம்.

மாடியில் பன்னிரண்டு பைகளில் கீரை விதைத்தாயிற்று.

திண்டுக்கல்லிலிருந்து எங்கள் ஒரே மகள் சுடர்விழி போன் செய்தாளாம். நாள் தள்ளிப் போயிருக்கிறதாம். மங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து சொன்னாள். நல்லது. சிறுகீரை நாலாம் நாளே முளை கண்டிருக்கிறது.

ஜூன் 29

எட்டு நாட்டுக் கோழிகள் வந்தன. சேவல் வேண்டாம் என்று விட்டேன், தெருவே எழுந்துவிடும். துணி துவைக்கிற கல்லைப் பெயர்த்துவிட்டு அந்த இடத்தில் கூண்டு வைத்தேன். மங்கை இனிமேல் குளியலறையில் துவைத்துக்கொள்வாள்.

ஜூலை 27

கறுப்புக் கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டது. சேவலே இல்லாத வீட்டில் எதை அடைகாக்கிறதோ! முட்டையை எடுத்துவிட்டால் வெறும் வைக்கோல் மேல் உட்காருகிறது. அடையில் இருக்கிற கோழி முட்டை வைக்காது, தீனிதான் தண்டம். அடையைத் தெளியவைக்கும் முறை எனக்குத் தெரியும். வாளித் தண்ணீரில் மூன்று முக்கு. பிறகு அதன் இறகையே ஒன்று பிடுங்கி, மூக்கில் ஒரு துளையில் செருகி மறு துளையில் எடுத்துவிட வேண்டும். அது உறுத்துகிற உறுத்தலில் கோழிக்கு உட்காருகிற நினைப்பே போய்விடும்.

மங்கை கோழியைப் பிடித்துக்கொண்டாள். முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டுதான் பிடித்தாள்.

"கொஞ்ச நாள் உக்காந்துட்டுத் தானா எந்திரிச்சுரும்ங்க. விட்டுருங்களேன்."

"அதுவரைக்கும் யாரு முட்டை வைப்பா, நீயா?"

சிரிப்பாள் என்று பார்த்தேன். மத்தியானம் சாப்பிடக்கூட இல்லை.

ஜூலை 30

கோழி எழுந்து மேய்கிறது. முறை முறைதான்.

ஆகஸ்ட் 24

முட்டை 5. வெண்டை முக்கால் கிலோ. வெளியில் காய் வாங்கி நாற்பது நாள் ஆகிறது.

கீரை ஆய்ந்துகொண்டே மங்கை ஆரம்பித்தாள். "தலைப்பிரசவம் நம்ம வீட்டுலதாங்க பாக்கணும். மாப்பிள்ளைக்கு அம்மா வேற இல்ல. அந்த வீட்டுல பொம்பளைத் துணைன்னு ஒரு ஆளு கிடையாது."

"வரட்டும். யாரு வேண்டாம்னா?" என்றேன். நான் மறுத்ததாக நாளைக்கு ஒருவரும் சொல்லக் கூடாது. அதற்காகவே தேதி போட்டு எழுதிவைக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் பதிவு அலுவலகத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டு, அதன் வாசலில் நின்று எனக்குப் போன் செய்தவள் அவள். அந்தப் பையனும் பக்கத்தில் நின்றிருந்தான், அவன் மூச்சு கேட்டது. நான் ஒரு சொல் திட்டவில்லை. சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்போதே மறந்தும்விட்டேன்.

செப்டம்பர் 9

அடுத்தது சிப்பிக் காளான். வைக்கோலை வேகவைத்து, பையில் அடைத்து, நடுநடுவே விதை தூவி இருட்டறையில் தொங்கவிட வேண்டும். இருபது நாளில் பையெல்லாம் வெள்ளை பூத்துவிடும். வீட்டுக்குள் ஈரம் தங்கும் அறை ஒன்று வேண்டும்.

ஈரப்பதம் அளக்கிற கருவியை வைத்து அளந்தேன். ஸ்டோர் ரூம் 78. சுடர்விழி இருந்த அறை 74. எண்ணை மட்டும் பார்த்தால் ஸ்டோர் ரூம்தான். ஆனால் எண்ணை மட்டும் பார்க்கக் கூடாது என்பது என் அனுபவம். அங்கே இருக்கிற சாமான்களை எங்கே வைப்பது? சுடர்விழி அறையில் சும்மா ஒரு கட்டில்தான்.

கட்டிலைப் பிரித்தோம். நல்ல தேக்கு. நான் ஒரு பக்கம் திருகாணி கழற்ற, மங்கை மறுபக்கம் பிடித்துக்கொண்டாள். பலகைகளை அறுத்துக் கோழிக்கு முட்டைப் பெட்டி செய்துவிட்டேன். முட்டை உருளாமல் நிற்கிறது.

"புள்ள வந்தா எங்கங்க படுக்க வைப்பேன்?"

"ஹால் கடலாட்டம் கிடக்கே, தெரியலையா?"

சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. அறுபது பைகள் தொங்கும்.

அக்டோபர் 6

முதல் அறுவடை! ஒன்றேகால் கிலோ. விடியும்போது கதவைத் திறந்தேன். பைகளின் கீறல் வழியாகக் கொத்துக் கொத்தாக, ஈரமாக, சாம்பல் வெள்ளையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பையாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். முப்பத்து நான்கு வருடம் அடுத்தவன் செய்த பொருளை எண்ணிக்கொண்டிருந்தவன் நான். இது நானே உண்டாக்கியது. மங்கை மிளகு போட்டு வறுத்தாள். நான் மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 18

வைக்கோல் வேகவைக்கும்போது அண்டா சரிந்து மங்கைக்கு இடது கையில் வெந்நீர் கொட்டிவிட்டது. கொஞ்சம் கொப்புளம்தான். கற்றாழை நம் வீட்டிலேயே இருப்பது எவ்வளவு வசதி! வைக்கோல் வீணாகவில்லை.

நவம்பர் 5

மாடியில் சோலார் தகடு போட்டாயிற்று. போன்களை இனி இதில்தான் சார்ஜ் போட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு போன்தான் ஏறும். என்னுடையது தினமும். மங்கையுடையது வாரத்துக்கு ஒரு நாள். அவளுக்கு அப்படி யார் பேசப்போகிறார்கள்?

நவம்பர் 23

திண்டுக்கல்லில் வளைகாப்பு. கோழிகளை விட்டு நான் எப்படிப் போவது? மங்கை போய், வளையலை அடுக்கிவிட்டு, முறைப்படி மகளைக் கூட்டிக்கொண்டு மாலை பஸ்ஸில் வந்துவிட்டாள். சுடர்விழி முகம் வீங்கியிருக்கிறது. "எப்படிப்பா இருக்கீங்க?" என்றாள். மாடியைச் சுற்றிக் காட்டினேன். நாலு படி ஏறுவதற்குள் உட்கார்ந்துவிட்டாள்.

நவம்பர் 24

சுடர்விழி ராத்திரியெல்லாம் இருமினாளாம். தூசிதான்.

நவம்பர் 27

காளான் அறையில் வெள்ளைத் தூள் பறப்பது உண்மைதான். முற்றிய காளான் தூள் விடும், அது அதன் இயற்கை. ஹாலில் படுத்திருப்பவளுக்கு அதனால் இழுப்பு வருகிறது என்கிறாள்.

"அப்பா, அந்தக் கதவுக்காச்சும் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டப் போட்டு அடைச்சிருங்கப்பா. மூச்சே விட முடியல."

"அதுக்கு காத்தோட்டம் வேணும்மா. அடைச்சா செத்துரும்."

"எனக்கும் வேணும்ல?"

வாய் அப்படியே இருக்கிறது. மங்கை நடுவில் வந்து, பைகளை ஸ்டோர் ரூமுக்கு மாற்றிவிடலாமே என்றாள். பாதி விளைச்சலில் பையை அசைக்கக் கூடாது என்று விளக்கினேன்.

ஆறு வயதில் சுடர்விழிக்கு மழைக்காலம் வந்தாலே இழுக்கும். நான்தான் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறேன். அவள் நெஞ்சு என் தோளில் தடதடவென்று அடிக்கும். அது நிஜமான இழுப்பு. இது வேறு. என்னைக் கேட்காமல் வீடு தேடிக்கொண்டவளுக்கு என் வீட்டுக் காற்று ஒத்துக்கொள்ளவில்லையென்றால் நான் என்ன செய்ய முடியும்?

நவம்பர் 29

அந்தப் பையன் கார் கொண்டுவந்து அவளைக் கூட்டிப் போய்விட்டான். வாசலோடு நின்றான். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. காளான் 900 கிராம்.

டிசம்பர் 3

மங்கை சொல்கிறாள்: "பிப்ரவரி ஒம்போதாந் தேதி குடுத்திருக்காங்களாம். தைப்பொங்கல் முடிஞ்சதும் நான் அங்க போயிர்றேங்க. ஒரு மாசம் இருந்து பாத்துட்டு வந்துர்றேன்."

"தாராளமா போயிட்டு வா" என்றேன்.

டிசம்பர் 15

மணப்பாறைச் சந்தைக்குப் போய் ஆடு வாங்கி வந்தேன். பாலையும் வெளியில் வாங்குவதை நிறுத்த வேண்டிய நேரம் வந்துவிட்டது. நல்ல சாதி, செவலை நிறம், தலையீத்து, இதுதான் முதல் சினை. பத்து நாளில் ஈனுகிற ஆடு இரண்டு நின்றன. வேண்டாம் என்று விட்டுவிட்டு, மூன்று மாதச் சினையாகத் தேடி இதைப் பிடித்தேன். ஆட்டுக்கு ஐந்து மாதம். பிப்ரவரி பத்து, பன்னிரண்டில் ஈனும்.

மங்கை விரலை மடக்கி எண்ணினாள். ஆடு அவள் புடவையை முகர்ந்து பார்த்து அவளிடமே ஒட்டிக்கொண்டது.

ஜனவரி 16

மாட்டுப் பொங்கல். ஆட்டைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்தோம். மங்கையைத் தவிர யார் வைத்தாலும் தீனி தின்ன மாட்டேன் என்கிறது. நான் கிட்டே போனால் முட்ட வருகிறது.

ஜனவரி 25

பரணில் புதிதாக ஒரு சம்படம். திறந்தால் கறுப்பாக லேகியம். சுக்கு, திப்பிலி, ஓமம், நல்லெண்ணெய், கருப்பட்டி. எல்லாம் நாட்டு மருந்துக் கடைச் சரக்கு! நான் மாடியில் இருந்த நேரத்தில் வாங்கிவந்து கிளறியிருக்கிறாள்.

"விதின்னு ஒண்ணு இருக்குல்ல இந்த வீட்டுல?"

"பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்குற மருந்துங்க. எங்கம்மா எனக்குக் கிளறிக் குடுத்தாங்க. எம்பிள்ளைக்கு நான் இதாச்சும் குடுக்கணும்ல."

தூக்கிக் கொட்டியிருப்பேன். பெரிய மனது பண்ணி விட்டுவிட்டேன்.

ஜனவரி 30

மங்கை பையில் புடவை எடுத்து வைத்தாள். நான் தடுக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்.

"போறதுன்னா போ. தலையீத்து ஆடு. குட்டி திரும்பிக்கிச்சுன்னா உள்ள கையவிட்டு எடுக்க எனக்குத் தெரியாது. அது கத்திச் செத்தா அந்தப் பாவம் உனக்குத்தான்."

கொஞ்ச நேரம் ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு பையிலிருந்த புடவையை எடுத்து மறுபடி பீரோவில் வைத்துவிட்டாள். அவளாகத்தான் வைத்தாள்.

பிப்ரவரி 10

பெரிய நாள். நேரப்படி எழுதுகிறேன்.

பகல் 2.00. ஆடு படுத்துப் படுத்து எழுந்தது. தரையைக் காலால் பிறாண்டியது.

3.10. என் போனுக்கு அந்தப் பையன் அழைத்தான். சுடர்விழியைப் பிரசவ அறைக்குள் கொண்டுபோய்விட்டார்களாம். "அத்தை போன் ஆஃப்னு வருது மாமா, அவங்ககிட்ட குடுங்க, சுடர் பேசணும்ங்குறா" என்றான். மங்கை அப்போது பின்பக்கம் ஆட்டின் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். இந்த நேரத்தில் சொன்னால் அவள் கை நடுங்கும். வெளியே போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

3.50. தண்ணீர்க்குடம் உடைந்தது. ஒரு கால்தான் தெரிந்தது. மற்றது உள்ளே மடங்கியிருந்தது. மங்கை கையில் எண்ணெயைத் தடவிக்கொண்டு உள்ளே விட்டாள். ஆடு கத்திய கத்தலில் தெருவே எட்டிப் பார்த்தது. "என் கண்ணுல்ல, என் ராசாத்தில்ல, இன்னுங் கொஞ்சம், அம்மா இருக்கேன்ல" என்று அவள் அதன் காதில் பேசிக்கொண்டே இருந்தாள்.

4.40. முதல் குட்டி, பெட்டை, 1 கிலோ 900. 4.55. இரண்டாவது, கிடா, 1 கிலோ 600. தாயும் குட்டிகளும் நலம். நஞ்சுக்கொடி 5.15க்கு விழுந்தது.

5.25. மறுபடி அந்தப் பையன். பெண் குழந்தையாம். வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்களாம். சுடர்விழிக்கு மூச்சுத் திணறல் அதிகமாகி ஆக்சிஜன் வைத்திருக்கிறார்களாம். குழந்தை எடை என்னவோ சொன்னான், குட்டிகள் கத்தியதில் காதில் விழவில்லை. "அத்தை வரலியா மாமா?" என்று கேட்டான். ஆடு ஈன்றிருக்கிறது என்றேன். அவன் போனை வைத்துவிட்டான்.

ஆடு துவண்டு கிடந்தது. பரணிலிருந்து லேகியத்தை எடுத்து, மங்கை குளிக்கப் போன நேரத்தில் பாதி சம்படம் கொடுத்துவிட்டேன். நக்கி நக்கித் தின்றது. பிள்ளை பெற்றவளுக்குத்தானே மருந்து.

மங்கையிடம் இன்னும் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சாக்கின் மேல் குட்டிகளோடு படுத்திருக்கிறாள். காலையில் சீம்பால் கறக்க வேண்டும்.

பிப்ரவரி 11

சீம்பால் ஒன்றரை லிட்டர். வெளியில் பால் வாங்காத முதல் நாள். எட்டு மாதத்தில் சாதித்துவிட்டேன். மங்கை இரண்டு தடவை "என்னமோ மனசே சரியில்லங்க" என்றாள். போன் சார்ஜுக்கு அவள் நாள் வெள்ளிக்கிழமை. அதற்குள் பக்குவமாகச் சொல்லிவிடலாம்.

பிப்ரவரி 12

இது மங்கையர்க்கரசி எழுதுவது.

நீங்கள் அகத்திக் கீரை ஒடிக்கப் போயிருக்கிறீர்கள். இந்த டைரி எட்டு மாதமாக என் அடுப்படியில்தான் தொங்குகிறது. நான் இதில் எழுதியதில்லை, ஆனால் படிக்காமல் இருந்ததும் இல்லை. ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததால் இரண்டு நாளாகப் படிக்கவில்லை. இன்று காலைதான் படித்தேன்.

ஸ்டோர் ரூம் 78 என்று நீங்கள் எழுதிய அன்றைக்கே படித்தேன். பத்து நாளில் ஈனுகிற ஆட்டை விட்டுவிட்டு வந்ததையும் படித்தேன். இவ்வளவையும் எழுதிவைக்கிறாரே, ஒரு நாள் அவரே திரும்பப் படித்துப் பார்த்து வெட்கப்படுவார் என்று நினைத்தேன். ஆடு ஈன்றதும் பஸ் ஏறிவிடலாம் என்றும் நினைத்தேன். இரண்டும் ஒரே நாளில் வரும் என்று நினைக்கவில்லை. பேசாமல் இருந்தது என் தப்பு. அதற்குச் சுடரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உங்களிடம் கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

பக்கத்து வீட்டு டீச்சர் போனிலிருந்து பேசினேன். சுடர் இன்னும் மூச்சுக் குழாயோடுதான் படுத்திருக்கிறாள். இது வேறு என்று எழுதினீர்களே, அதே இழுப்பு. அறைக்குள் போகும்போது அம்மா அம்மா என்று கத்தினாளாம். அந்த நேரத்தில் நான் ஆட்டிடம் அம்மா இருக்கேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஆட்டின் மடிக்கு வெந்நீர் ஒற்றடம் கொடுத்துவிட்டுக் கறக்க வேண்டும். சின்னக் குட்டிக்குத் தானாகக் குடிக்கத் தெரியாது, வாயைப் பிடித்துக் காம்பில் வைக்க வேண்டும். கறுப்புக் கோழி மறுபடி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. அதன் மூக்கைக் குத்தாதீர்கள், நாலு நாள் உட்காரட்டும்.

மாப்பிள்ளையின் பெயர் ஜெயசீலன். குழந்தையின் எடை 2 கிலோ 350. பெட்டைக் குட்டியின் எடைக்குக் கீழே எழுதிக்கொள்ளுங்கள்.

மீதி லேகியத்தை எடுத்துக்கொண்டு போகிறேன்.

பிப்ரவரி 20

முட்டை 3. பால் இல்லை. ஆடு கிட்டே விட மாட்டேன் என்கிறது, நேற்று தொடையில் முட்டிவிட்டது. நாள் முழுக்க வாசலைப் பார்த்துக் கத்துகிறது. கிடாக்குட்டி திங்கட்கிழமை செத்துப்போனது. கொய்யா அடியில் புதைத்தேன், நல்ல உரம்.

எட்டு நாளாக எழுதவில்லை. முட்டைக் கணக்குக்கூட ஏறவில்லை. அவள் எழுதிய பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். கிழித்தால் அதன் முன்பக்கத்தில் இருக்கிற சீம்பால் பதிவும் போய்விடும். இருந்துவிட்டுப் போகட்டும்.

கறுப்புக் கோழிக்கு இறகு செருகினேன். பிடித்துக்கொள்ள ஆள் இல்லாததால் முழங்கால்களுக்கு நடுவில் வைத்து அமுக்கிக்கொண்டேன். கொஞ்சம் அதிகமாக அமுக்கிவிட்டேன் போலிருக்கிறது. மூலையில் சுருண்டு கிடக்கிறது.

காளான் நன்றாக வருகிறது. விரிவுபடுத்த வேண்டும். எங்கள் படுக்கையறையை அளந்தேன், 71. ஸ்டோர் ரூம் இன்றைக்கும் 78தான். இருந்தாலும் அந்த அறையில் இனி யார் இருக்கிறார்கள்? நான் ஹாலில் படுத்துக்கொள்கிறேன். மூன்று நாளாக எனக்கும் இருமல், விடியற்காலையில் லேசாக இழுக்கிறது. தூசிதான்.

நாளைக்குக் கட்டிலைப் பிரிக்க வேண்டும். கல்யாணத்துக்குச் செய்தது, இதுவும் தேக்கு. மறுபக்கம் பிடித்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை.